இடது தோள்

ஒன்பதாம் நம்பர் டோக்கனை மடித்து மடித்துச் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள் செண்பகவல்லி. இனி மடிக்க முடியாது. பிரித்தால் கிழிந்துவிடும். கிழிந்தால் டோக்கன் கொடுக்கிற ஆஸ்பத்திரி ஆயா சத்தம் போடுவாள். இல்லை, போடமாட்டாள், போன இரண்டு செவ்வாய்க்கிழமையும் அந்த ஆயா யாரையும் ஒரு வார்த்தை அதட்டி இவள் பார்க்கவில்லை. ஆனாலும் தோள்பட்டை இரண்டும் காதுப்பக்கம் ஏறி, வயிறு உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்பு தன்பாட்டில் ஒரு அதட்டலுக்குத் தயாராகிவிட்டது. கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி மாடியில், மனநலப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சு. காலை பத்தேகால் மணி வெயில் ஜன்னல் கம்பிகளை அவள் மடியில் வரிவரியாகப் போட்டிருந்தது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தையல் கடையில் காஜா எடுக்கிற, ஹூக் வைக்கிற வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எதற்கு என்று கடைக்காரம்மா கேட்டபோது, தூக்கம் வரமாட்டேங்குது, மாத்திரை வாங்கணும் என்றாள். அது பொய்யும் இல்லை. தூக்கம் வரவில்லை என்றுதான் முதலில் இங்கே வந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி அறையில ஒரு மேடம் இருக்காங்க, அவங்ககிட்டக் கொஞ்சம் பேசிட்டுப் போங்கம்மா என்றார். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் போனாள். புருஷன் செத்துப் பதினோரு மாசம் ஆகிறது. செத்த மனுஷனைப் பற்றி என்னத்தைப் பேச.

அந்த மேடம் பெயர் ஜெபராணி. தூத்துக்குடிக்காரி. முப்பது வயசு தாண்டியிருக்காது. போன வாரம் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். மனசு ஓடுச்சுன்னா அதைப் பிடிச்சு இழுக்காதீங்கக்கா, செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தரையில வைங்க, கண்ணுல படுற அஞ்சு பொருளை உங்களுக்குள்ளயே சொல்லுங்க, அது போதும். செண்பகம் செருப்பைக் கழற்றினாள். தரை சில்லென்று இருந்தது. ஒன்று, தண்ணீர்க் கேன். இரண்டு, கேனோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிற டம்ளர். மூன்று, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் கையில் போட்டிருக்கிற கட்டு. மூன்றோடு நின்றுவிட்டது. அந்தக் கட்டு சரியில்லை. மணிக்கட்டில் இறுக்கி, உள்ளங்கையில் தொளதொளவென்று விட்டிருக்கிறார்கள். புருஷன் பார்த்திருந்தால் அப்படியே பிரித்துப் போட்டிருப்பார். எட்டுப் போடணும், எட்டு. கட்டைவிரலுக்குக் கீழே ஆரம்பித்து, புறங்கையில் குறுக்கே வந்து, மணிக்கட்டைச் சுற்றி, திரும்பவும் குறுக்கே. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடவேண்டும். நகம் நீலம் பாரிக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதெல்லாம் எனக்கு எதுக்குத் தெரியுது என்று நினைத்தாள். நினைத்ததுமே அந்தக் கை வந்துவிட்டது. முரட்டுக் கை இல்லை. விரல் நுனி சதுரமாக, நகம் ஒட்ட வெட்டி, வலி மருந்து வாசனையோடு இருக்கும். அவள் கையை இடது உள்ளங்கையில் பச்சைப்பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு வலது கையால் சுற்றும். வலிக்குதா, இங்க வலிக்குதா, விரலை லேசா அசை பாப்போம். அவ்வளவு கரிசனமாகக் கேட்பார். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே மணிக்கட்டைப் பிடித்துத் திருகியதும் இந்தக் கைதான் என்று யாராவது சொன்னால் அவராலேயே நம்ப முடியாது என்பதுபோல ஒரு கரிசனம். திருகும்போது வராத அழுகை அவளுக்குக் கட்டுப் போடும்போது வரும். அவர் துடைத்துவிடுவார். இந்தப் பதினோரு மாசத்தில் உடம்பு அந்தக் கையைத் தேடுகிறது, அந்தக் கட்டுப் போடுகிற கையை மட்டும் தனியாகத் தேடுகிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்ல. மேடத்திடமும் சொல்லவில்லை. இந்தப் பொம்பளைக்கு நிஜமாகவே பைத்தியம்தான் என்று சீட்டில் எழுதிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

விளையாட்டு வாத்தியாரான அவள் புருஷனைப் பி.டி. சார் என்றால் ஊருக்கே தெரியும். தங்கமாரியப்பன் என்கிற பெயர் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் இருந்தது. ஹாக்கி மட்டையை நேராகப் பிடிக்கத் தெரியாமல் வந்த தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டு விடுதி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒருத்தன் போலீஸ்ல இருக்கான், ஒருத்தன் ரயில்வேயில இருக்கான், ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான் என்று விரலை மடக்கிச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். வெளியில் நடிக்கிறார், வீட்டில்தான் நிஜம் என்று மனசை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கலாம். இரண்டும் நிஜமாக இருந்ததுதான் பிடிபடவில்லை. கல்யாணமாகி நாலாவது மாசம், அவருடைய வெள்ளைப் பேன்ட்டுக்கு நீலம் கொஞ்சம் கூடிவிட்டது. அவர் பேன்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துக் கட்டிலில் வைத்தார். பக்கத்தில் வந்து கட்டைவிரலை அவள் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்து அழுத்தினார். அங்கே ஒரு குழி இருக்கிறது, அழுத்தினால் குரல் வெளியே வராது, ஜாக்கெட் மூடிக்கொள்ளும். எங்கே அடித்தால் எத்தனை நாள் தெரியும் என்பது அவர் படித்த படிப்பு. கத்தமாட்டார், கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். விசில்தான். ஒரு ஊது ஊதினால் தண்ணீர். இரண்டு ஊதினால் எங்கே இருந்தாலும் வந்து முன்னால் நிற்கவேண்டும். நீளமாக ஒன்று ஊதினால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வா என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அக்கா காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, உங்க வீட்டுல தெனமும் மேட்ச்சு நடக்குது போல என்று சிரிப்பாள். செண்பகமும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து அது நல்ல சிரிப்பாகவே வர ஆரம்பித்துவிட்டது.

கீழே வாசலில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லி வாட்ச்மேன் விசில் ஊதினார். இரண்டு ஊது. செண்பகம் எழுந்து நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் நின்றது தெரிந்தது. கை இரண்டும் உடம்போடு ஒட்டி நேராகக் கிடந்தது. பக்கத்தில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்க நம்பரக் கூப்புட்டாகளா?"

"இல்ல. கால் மரத்துப்போச்சு."

உட்கார்ந்தாள். இதற்காகத்தான் பஸ்ஸிலேயே ஏறுவதில்லை. கண்டக்டர் விசில் அடிக்க அடிக்க எத்தனை தடவை எழுந்து நிற்பது. போன வாரம் மேடம் அறைக்குள் இருக்கும்போதும் இதே வாட்ச்மேன் விசில் அடித்து, இவள் இதே மாதிரி எழுந்து நின்று, ஜெபராணி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, விசில் ஊதி உங்களை எந்திரிக்க வச்சது யாருக்கா என்று கேட்டாள். அதுவரைக்கும் நல்லா வச்சிருந்தாக, ஒரு குறையும் வைக்கல என்று சொல்லிக்கொண்டிருந்த வாய், சில நேரம் கை நீட்டுவாக என்று சொல்லிவிட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவை. சொன்னதும் காது அடைத்துக்கொண்டது. கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தாள். ஜெபராணி அச்சச்சோ என்று சொல்லவில்லை. கண்ணைப் பெரிதாக விரிக்கவில்லை. முதல் தடவை எப்பக்கா என்று கேட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் போட்டோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கழுத்தில் விசிலோடு எடுத்த போட்டோ. சுற்றிலும் சின்ன பல்பு மாலை அணைந்து அணைந்து எரியும். சொல்லிட்டேன் என்று முணுமுணுத்தாள். பின்னால் யாரோ நிற்பது போலப் பிடரி குளிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

செத்தவர் போனபாடில்லை. டி.வி. சத்தம் இன்னமும் எட்டில்தான் இருக்கிறது, அதுதான் அவர் வைத்த அளவு. ஒருநாள் துணிந்து பன்னிரண்டு வைத்தாள், உடனே ஒன்பதுக்குக் கொண்டுவந்து, பிறகு எட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கரண்டியைச் சத்தம் வராமல்தான் வைக்கிறாள். அவருடைய பைக்கை அவரிடம் ஹாக்கி படித்த ஒரு போலீஸ்காரர், சார் ஞாபகமா நான் வச்சிக்கிடுதேம்மா என்று கேட்டு எடுத்துக்கொண்டார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அதனால் தினமும் சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு அதே பைக், அதே சத்தத்தில், அதே திருப்பத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு அவள் தெருவுக்குள் வருகிறது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்று அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். சத்தம் வாசலைத் தாண்டிப் போகும். போகிற அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் ஒன்று அவிழும், அவிழ்ந்த உடனே ஒரு பயம் வரும். இவளுக்கு ஏன் நிம்மதியாக இருக்கிறது. புருஷன் செத்தவளுக்கு ஏன் நிம்மதியாக இருக்கிறது. அப்புறம் அந்தப் படம் வந்துவிடும். எக்ஸ்ரே எடுக்கிற இடத்துச் சுவரில் ஒட்டியிருந்த படம். வேண்டாம். நாலாவது பொருள் என்ன, ஜன்னல் கம்பி. ஐந்தாவது, பெரியவரின் மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே போனாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. முன்பு ஒரு தடவை இவள் மணிக்கட்டு வீங்கி, பாத்ரூம்ல வழுக்கிட்டா டாக்டர் என்று புருஷன் சிரித்துக்கொண்டே சொல்லி, எக்ஸ்ரேக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் எதிரே அந்தப் படம்தான் இருந்தது. ஒரு ஆண்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நெஞ்சிலிருந்து இடது தோளுக்கும் கைக்கும் சிவப்பாகக் கோடு ஓடுகிறது. கீழே எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் படித்தாள், படித்ததால்தான்,

"ஒன்பது. செண்பகவல்லி."

உள்ளே ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. ஜெபராணி எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டாள். நடுவில் மேஜை இல்லை. மாத்திரை போட்டுக்கிட்டா தூக்கம் வருதாக்கா என்று கேட்டாள், வருது, மூணு மணிக்கு முழிச்சிருதேன் என்றாள் செண்பகம். பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் அவர் படத்தைத் திறக்கிறார்கள். மனைவி என்கிற முறையில் அம்மா இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பேச வராது என்று இவள் சொல்ல, மகள் மதிவதனி, நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறவள், போன வாரம் வந்திருந்தபோது எழுதிக் கொடுத்திருந்தாள். பெரிய பெரிய எழுத்தாக, அம்மாவுக்குக் கண் தெரியவேண்டுமே என்று.

"நீங்களே படிங்கக்கா," என்றாள் ஜெபராணி.

"அனைவருக்கும் வணக்கம். என் கணவர் கோபம் என்பதையே அறியாதவர்." செண்பகம் நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றது. "இதுக்கு மேல வரமாட்டேங்குது மேடம்."

"ஏன்னு கேக்கலாமா?"

பொய் என்பதால் வரவில்லை என்று மேடம் நினைத்திருப்பாள். பொய் சொல்வது செண்பகத்துக்குப் பெரிய விஷயமா. இருபது வருஷம் பொய்யிலேயே குளித்துப் பொய்யிலேயே துணி துவைத்தவள். அது இல்லை. வேறு ஒன்று வாசலில் வந்து நிற்கிறது, அதைத் தள்ளிவிட்டு எந்த வார்த்தையும் வெளியே வரமாட்டேன் என்கிறது. கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"நாந்தான் கொன்னேன் மேடம்."

ஜெபராணி பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். "சொல்லுங்க. நேரம் இருக்கு."

மாசி மாசம், அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா ஒத்திகை. காலையில் அஞ்சரை மணிக்கு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எழுந்தவுடன் தண்டால் எடுக்கிறவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இவள் காப்பியோடு நின்றாள். இடது தோள் பிடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு, அந்த ஸ்ப்ரேயை எடு என்றார். எடுத்தாள். சட்டையைக் கழற்றினார். முதுகெல்லாம் வேர்த்திருந்தது. வெளியே பனி, ஃபேன்கூடப் போடவில்லை, அவர் முதுகு மட்டும் நனைந்து குளிர்ந்து இருந்தது. தொட்டதுமே படத்துக்குக் கீழே எழுதியிருந்த எழுத்து ஒவ்வொன்றாக அவளுக்குள் எழுந்து நின்றது. இடது தோள். குளிர்ந்த வேர்வை. தாமதிக்காதீர்கள். அவள் வாயைத் திறந்தாள். நிஜமாகவே திறந்தாள், உதடு பிரிந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. அப்புறம் மூடிக்கொண்டாள். ஸ்ப்ரே அடித்தாள், தேய்த்துவிட்டாள். குனிய முடியல, லேஸைக் கட்டிவிடு என்றார். தரையில் உட்கார்ந்து இரண்டு ஷூவுக்கும் லேஸ் கட்டினாள். இரட்டை முடிச்சு. அவர் அவள் தலையில் கையை ஊன்றி எழுந்தார். அந்தக் கனம் இன்னமும் உச்சந்தலையில் இருக்கிறது. பைக் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நின்றாள். ஒன்பதேகாலுக்கு போன் வந்தது. மைதானத்து நடுவில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது என்றார்கள். ஊரே வந்து அழுதது. யூனிஃபார்மில் இருந்த போலீஸ்காரர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இவள் அழவில்லை. அதிர்ச்சியில இருக்கா, அழ வைங்க, இல்லைன்னா ஆபத்து என்று சொந்தக்காரப் பெண்கள் அவள் கன்னத்தில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அவள் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவை யாரோ கழற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் அவள் இந்த வரிசையில் சொல்லவில்லை. லேஸைச் சொல்லி, போனைச் சொல்லி, திரும்ப வேர்வைக்கு வந்து, திரும்ப லேஸுக்குப் போய், படத்தைச் சொல்லும்போது கையால் தன் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கோடு இழுத்துக் காட்டி, அப்படித்தான் சொன்னாள்.

"வாயைத் திறந்தேன்னு சொன்னீங்களேக்கா. என்ன சொல்ல வந்தீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு."

"அதுக்கு முன்னால எப்பயாவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

செண்பகம் யோசிக்கவே இல்லை, அது தானாக வந்தது. மதி எட்டாவது படிக்கும்போது. அவருக்கு நல்ல காய்ச்சல். அதோடு மேட்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டு டாக்டரப் பாத்தா என்ன என்று ஷூ மாட்டும்போது கேட்டுவிட்டாள். அவர் மேட்ச்சுக்குப் போனார், ஜெயித்தார், மத்தியானம் திரும்பி வந்தார். எனக்கே உத்தரவு போடுதியா என்று மெதுவாகக் கேட்டார். கொல்லையில் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். கை இறங்கினால் பிரம்பு. பள்ளிக்கூடம் விட்டு மகள் வருகிற வரைக்கும் நின்றாள். மகள் புத்தகப் பையோடு கொல்லை வாசலில் வந்து நின்று பார்த்தாள். ஒங்கம்மாவுக்குத் தோள் வலி, எக்சர்சைஸ் பண்ணுதா, நீ போயிச் சாப்பிடு என்றார் அவர்.

"அதுக்கப்பறம் ஷூ மாட்டும்போது நான் பேசினதே இல்ல மேடம்."

"அப்ப, அன்னைக்குக் காலையில உங்க வாயை மூடினது யாரு?"

செண்பகத்துக்குப் பதில் தெரிந்தது. தெரிந்ததும் ஓடிப்போய் அதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, நல்ல நிழலான பதில். ஆனால் அதற்குள் முழுசாக நுழைய முடியவில்லை. ஒரு கால் வெளியே கிடந்தது.

"அது மட்டும் இல்ல மேடம்," என்றாள். "பயத்துலதான் வாயை மூடினேன். ஆனா மூடினதுக்கு அப்பறம் போகட்டும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. லேஸ் கட்டும்போது வந்துச்சு. இதை நான் மறைச்சா நீங்க சொல்லுத ஆறுதலு எனக்கு ஒட்டாது."

அப்படியெல்லாம் இல்லக்கா என்று ஜெபராணி சொல்லவில்லை. "வந்திருக்கும்," என்றாள். "இந்த நாற்காலியில உக்காந்து அதைச் சொன்ன மொத ஆளு நீங்க இல்ல. அடி வாங்கினவங்களுக்கு அந்த நெனப்பு வரும். நெனப்பு யாரையும் கொன்னது கிடையாது. ஆனா நான் இதை ஒரு தடவை சொன்னதும் உங்களுக்குத் தீந்துராது. மூணு மணிக்கு முழிப்பு வரும்போது அதுவும் கூட வரும். வந்தா விரட்டாதீங்க. செவ்வாக்கிழமை இங்க கொண்டாந்து வைங்க, ரெண்டு பேரும் பாப்போம்."

அப்போது வந்தது அழுகை. அன்றைக்குக் கன்னத்தில் தட்டித் தட்டிப் பார்த்தும் வராதது, பதினோரு மாசமாக வராதது. சத்தமில்லாமல் வந்தது, அவளுக்குச் சத்தத்தோடு அழத் தெரியாது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அவருக்காகவும் இருந்தது. அது அவளுக்கே அதிசயமாக இருந்தது. ஜெபராணி தண்ணீர் டம்ளரை எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம நான் என்ன செய்யட்டும் மேடம்?"

"அதை நான் சொல்லக்கூடாதுக்கா. இத்தனை வருஷம் ஒருத்தர் சொன்னதைத்தானே செஞ்சீங்க. நீங்க எதைச் செஞ்சா அன்னைக்கு ராத்திரி கண்ணை மூட முடியும்னு தோணுது, அதைப் பாருங்க."

வெளியே வந்து படிக்கட்டு ஓரம் நின்றாள். இப்போதே போன் பண்ணாவிட்டால் சாயங்காலத்துக்குள் தைரியம் வடிந்துவிடும், ஆறு நாற்பதுக்குப் பைக் சத்தம் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மகளுக்கு இது இடைவேளை நேரம். எடுப்பாளா. எடுக்காவிட்டால் நல்லது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மதி, நான் அதைப் படிக்கமாட்டேன்."

"எதம்மா? ஏன், எழுத்து பெருசாத்தான எழுதியிருக்கேன்."

"எழுத்து நல்லாத் தெரியுதுட்டி. அதுல உள்ளது நெசம் இல்ல."

அந்தப் பக்கம் கேன்டீன் இரைச்சல். யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். மகள் நடக்கிற சத்தம், கதவு ஒன்று சாத்துகிற சத்தம். இரைச்சல் அடங்கியது. அப்பா மேல் உயிரை வைத்திருக்கிறவள். அவர் இறந்தபோது சாப்பிடாமல் கிடந்து டிரிப்ஸ் ஏற்றவேண்டி வந்தவள். அந்தப் பிள்ளையிடம்போய்,

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீ அன்னைக்குக் கொல்லையில எக்சர்சைஸ் பண்ணல. அது எனக்கு அப்பமே தெரியும். விசில் நீளமா ஊதினா நான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டு வாய்ப்பாடு சொல்லுவேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லுவேன்." மதியின் குரல் கரகரத்தது. "நாகர்கோவில்ல எதுக்குச் சேந்தேன்னு நெனச்ச. ஊருக்குப் பக்கத்துலயே எடம் கெடச்சுச்சு."

செண்பகம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை கதவைச் சாத்தினேன், எத்தனை தடவை தலையணையைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் இருந்தேன், எல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்றுதானே. அந்த வீட்டில் இருந்த ஒரே ஒரு பாதுகாப்பான இடம் மகளுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. அங்கேயும் அவர் இருந்திருக்கிறார்.

"பெறகு எதுக்குட்டி கோபமே அறியாதவர்னு எழுதின?"

"நீ மைக்குல எல்லாரு முன்னாலயும் அப்படிப் படிச்சிட்டா, அது நெசமாயிரும்னு நெனச்சேன். நான் கேட்டதெல்லாம் இல்லாமப் போயிரும்னு." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அப்பாவ ரொம்பப் பிடிக்கும்மா. அதான் என்ன செய்யன்னு தெரியல."

"எனக்கும் தெரியல," என்றாள் செண்பகம். பத்தொன்பது வருஷத்தில் மகளிடம் சொன்ன முதல் நிஜம் அதுதான் என்று பட்டது. "ஞாயித்துக்கிழம நீ வீட்டுக்கு வா. அவுக படத்தத் திறக்கட்டும். நாம போகணுமா வேண்டாமான்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம்."

"நீ இப்ப எங்க நிக்க? கடையிலயா?"

"ஆஸ்பத்திரியில. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, பயப்படாத. இங்க ஒரு மேடம் இருக்காங்க. செவ்வாக்கிழம செவ்வாக்கிழம வந்து பேசிட்டுப் போவேன்."

"அப்பாவப் பத்தியா?"

"ஆமா."

கட் ஆகிவிட்டதோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தபோது மகளின் குரல் சின்ன வயசில் இருந்தது போல இருந்தது.

"யம்மா, அங்க நானும் வரலாமா?"

செண்பகம் திரும்பி நடந்தாள். பெஞ்சில் புது ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயாவிடம் போய், இன்னொரு டோக்கன் வேணும், எனக்கில்ல, என் மகளுக்கு, அடுத்த செவ்வாக்கிழமைக்கு என்றாள். டோக்கன் அன்னைக்குக் காலையிலதாம்மா குடுப்போம் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, சரி, பேரு மட்டும் நோட்டுல எழுதிட்டுப் போங்க, மேடம்கிட்டச் சொல்லிருதேன் என்று ஒரு நீள நோட்டைத் திருப்பி வைத்தாள் ஆயா. கோடு கிழித்த பக்கம். பெயர் என்கிற கட்டத்தில் மதிவதனி என்று எழுதினாள். வயது, பத்தொன்பது. அடுத்த கட்டத்துக்கு மேலே காரணம் என்று போட்டிருந்தது. மேலே உள்ள வரிசைகளில் தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு, தலைவலி என்று இருந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது, மகள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் எழுத வந்து நின்றார். செண்பகம் நகரவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்து, அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி, அப்பா என்று எழுதினாள்.